விறாந்தையில் சொன்னது

சென்ற வாரம் ஆற்றுக்கு அக்கரையில், லொங்குய்யில் ஒரு முதியோர் இல்லத்துக்கு மொழிபெயர்க்கப் போயிருந்தேன். மருத்துவர் பிரெஞ்சில் கேட்பதை ஒரு யாழ்ப்பாணத்து அம்மாவுக்குத் தமிழில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். வாசல் கதவைத் தள்ளியதும் தரைக்குப் பூசும் மெழுகின் வாசனை முகத்தில் அடித்தது. ஒரு காலத்தில் மடங்களாகவும் குருமார் இல்லங்களாகவும் இருந்த கட்டடங்களில் மட்டும் இந்த ஊரில் மிஞ்சியிருக்கும் வாசனை. பனிச் சப்பாத்தைக் கழற்றக் குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். பின்னால் நீங்கள் கைக்குட்டையை மூக்கில் அழுத்திக்கொண்டு நிற்பது போலிருந்தது.

யூகலிப்டஸ் தைலம் விட்ட கைக்குட்டை. “உந்த மெழுகு மணத்தில எனக்கு நிக்கேலாது, டொக்டர். அங்கையும் இதைத்தான் பூசினவை. எங்கட கையாலதான் பூசுவிச்சவை,” என்று ஒருமுறை சொன்னீர்கள். சிறுவயதில் நீங்கள் தங்கிப் படித்த அந்த விடுதியின் உட்புறத்தைப் பற்றி, வேலைக்கு வெளியே, அதற்குமேல் நீங்கள் அதிகம் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

இறந்தவர்களுக்குக் காது உண்டு என்று நம்புகிறவள் அல்ல நான். அதைச் சொல்லி நீங்கள் என்னைச் சீண்டியதும் உண்டு. இருந்தும் அன்று மெத்ரோவில் ஆற்றின் அடியில் திரும்பி வரும்போது உங்களோடுதான் பேசிக்கொண்டு வந்தேன். பேசியதை எழுதிவிடலாம் என்று தோன்றியது. யாருடைய பெயரும் இதில் வராது. இதில் இருப்பவை நீதிமன்றக் கோப்பில் ஏறியவையும், நீங்கள் நடைவழிகளில் என்னிடம் சொன்னவையும். நடைவழிப் பேச்சை எழுத உங்கள் மனைவி சம்மதம் தந்திருக்கிறார்.

நாம் முதலில் சந்தித்தது உங்கள் வழக்கறிஞரின் அலுவலகத்தில், தொண்ணூறுகளின் நடுவில். அந்தப் பெண்மணி என்னை முனைவர் என்று அறிமுகப்படுத்தினார். சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவின் வேளாண் வளாகத்தில் உருளைக்கிழங்கு நோய்களை ஆராய்ந்து பட்டம் வாங்கினேன், ஒப்பந்தம் நீடிக்கவில்லை, பாண்டிச்சேரியில் சிறுவயதில் படித்த பிரெஞ்சு கைகொடுத்ததால் இந்த வேலைக்கு வந்தேன் என்று நான் சுருக்கமாகச் சொன்னேன். நீங்கள் தலையைச் சாய்த்துக் கேட்டீர்கள்.

“உருளைக்கிழங்குக்கு வாற வருத்தத்துக்கோ டொக்டர்?”

“ஆமாங்க.”

“அப்ப சரி. என்னையும் நீங்கள் பாக்கலாம். நானும் மண்ணுக்குள்ள கிடந்து பழுதாப் போனவன்தான்.”

நான் சிரிக்கவில்லை. எனக்குச் சட்டென்று சிரிப்பு வராது. அன்றிலிருந்து கடைசிவரை நான் உங்களுக்கு டொக்டர்தான்.

உங்களுக்கு ஆங்கிலம் என்னைவிட நன்றாக வரும். ஊரில் கணித ஆசிரியராக இருந்தவர். இங்கே ஒரு இறக்குமதிக் கம்பெனியில் கணக்கு வேலை. பிரெஞ்சும் ஓரளவு தெரியும். மொழிபெயர்ப்பாளர் எதற்கு என்று உங்கள் வழக்கறிஞரே கேட்டார். “இங்கிலீஷில சொன்னால் ஆரோ ஒருத்தனுக்கு நடந்த மாதிரி இருக்கு. தமிழில சொன்னாத்தான் அது எனக்கு நடந்தது,” என்றீர்கள். அந்த வாக்கியத்தைத்தான் உங்களுக்காக நான் முதலில் பிரெஞ்சுக்கு மாற்றினேன். எங்கள் வேலையில் ‘அவர் சொல்கிறார்’ என்று சொல்லக்கூடாது. பேசுகிறவர் ‘நான்’ என்றால் நாங்களும் ‘நான்’ என்றே சொல்ல வேண்டும். அடுத்த இரண்டு ஆண்டுகள் உங்கள் ‘நான்’ என் வாயில் இருந்தது.

வழக்கு இதுதான். இந்த நகரத்தில் தலைமையகம் கொண்ட ஒரு கத்தோலிக்கக் குருமார் சபை உங்கள் ஊர்ப்பக்கக் கடலோரத்தில் பள்ளியும் விடுதியும் நடத்தியது. பையன்களுக்குப் பொறுப்பாக இருந்த குருவை நீங்கள் விடுதிச் சுவாமி என்றீர்கள். பையனாக இருந்த உங்கள் உடம்பில் அவர் செய்ததற்காகத்தான் சபையின்மேல் வழக்கு. வழக்குப் போட்ட காலத்தில் அவர் செத்துப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. பள்ளிக்கும் விடுதிக்கும் தலைவராக இருந்தவர், இந்த நகரத்திலிருந்து போன வெள்ளைக்காரக் குரு, பெரிய சுவாமி. அவர் உயிரோடு, மிக முதுமையில், லொங்குய்யில் சபையின் ஓய்வில்லத்தில் இருந்தார்.

நடந்ததைச் சபை நேராக மறுக்கவில்லை. நடந்திருந்தாலும் தனக்குத் தெரியாது, எவரும் முறையிடவில்லை என்றது. எவராவது சொல்லியிருந்தால் அந்தக் குருவை அன்றே விலக்கியிருப்போம் என்றது.

வழக்கு நீதிபதியின் முன் வருவதற்கு முன்னால், இரு தரப்பும் மற்றத் தரப்பை ஒரு அறையில் உட்காரவைத்துக் கேள்வி கேட்கும் கட்டம் ஒன்று உண்டு. நீதிபதி இருக்க மாட்டார். வழக்கறிஞர்களும், எல்லாவற்றையும் பதியும் சுருக்கெழுத்தாளரும் இருப்பார்கள். முதலில் உங்கள் முறை. சபையின் வழக்கறிஞர் மரியாதையான, மெல்லப் பேசும் மனிதர். காலையெல்லாம் சுற்றி வந்து அந்தக் கேள்வியைக் கேட்டார்: “ஏன் அப்போதே யாரிடமும் சொல்லவில்லை?” நான் தமிழில் சொன்னேன். நீங்கள் என் முகத்தைப் பார்த்தே பதில் சொன்னீர்கள்.

“சொன்னனான்.”

“யாரிடம்?”

“பெரிய சுவாமியிட்ட.”

சபையின் வழக்கறிஞர் பேனாவின் மூடியைப் போட்டார். அன்றைய அமர்வு சீக்கிரம் முடிந்தது.

அந்தக் கேள்வியை உங்களிடம் முதலில் கேட்டது அவர் இல்லை என்று வெளியே வந்ததும் தெரிந்தது. வழக்குப் போடப்போவதாக நீங்கள் வீட்டில் சொன்ன அன்று உங்கள் மனைவி கேட்டிருக்கிறார். கோபமாக இல்லை, தேத்தண்ணி ஆற்றிக்கொண்டே. “சொன்னனான் எண்டு சொன்னன், டொக்டர். ஓம் எண்டு தலையாட்டினவ. ஆனால் நம்பேல்லை. ஆர் நம்புவினம்? சுவாமியிட்டச் சொன்னால் சுவாமி சும்மா இருப்பாரோ எண்டு கேக்கிறா.” உங்கள் மனைவி ஞாயிறு தவறாமல் தமிழ்ப் பூசைக்குப் போகிறவர். நட்ட ஈடு கிடைக்கிறதோ இல்லையோ, அந்த ஒரு விஷயம் நிரூபணமானால் போதும் என்றீர்கள். நீங்கள் சொன்னீர்கள் என்பது. அதை உறுதிப்படுத்திச் சொல்லக்கூடிய மனிதர் உலகத்தில் ஒருவர்தான் மிச்சம். அவருக்கும் உடம்பு தளர்ந்துகொண்டிருந்தது.

பெரிய சுவாமியை முதன்முறை அந்த ஓய்வில்லத்தில்தான் விசாரித்தார்கள். மெழுகு வாசனையும் உங்கள் கைக்குட்டையும் அன்றுதான். மெலிந்த, உயரமான கிழவர், முழங்காலின்மேல் கம்பளி. உங்கள் வழக்கறிஞர் கேட்டார்: இந்த மாணவன் விடுதிப் பொறுப்பாளரைப் பற்றி உங்களிடம் ஏதாவது சொன்னானா? அவர், மாணவர்கள் பாவசங்கீர்த்தனத்தில், அதாவது குருவிடம் பாவங்களை அறிக்கையிடும்போது, சொன்ன எதையும், சொன்னார்களா இல்லையா என்பதையும்கூட, தான் வெளியிட முடியாது என்றார். சபையின் வழக்கறிஞர் ஆட்சேபம் பதிந்தார்: குருவானவரின் இரகசியத்தை இந்த மாகாணத்தின் சட்டமே காக்கிறது.

நடைவழியில் உங்கள் வழக்கறிஞர் உங்களைச் சுவரோரம் நிறுத்தினார். நான் இடையில் நின்று மாற்றிச் சொன்னேன்.

“சொன்னபோது அவர் எங்கே இருந்தார்? பாவசங்கீர்த்தனப் பெட்டிக்குள்ளா?”

“இல்லை. விறாந்தையில, கதிரையில. பெட்டிக்குள்ள வெக்கை எண்டு அவர் போறேல்லை.”

வழக்கறிஞரின் முகம் மலர்ந்தது. விறாந்தை, திறந்த தாழ்வாரம்! அப்படியானால் ஒரு மாணவன் பள்ளித் தலைவரிடம் போய் முறையிட்டான், அவ்வளவுதான். இரகசியம் ஒன்றும் இல்லை. பெரிய சுவாமி பதில் சொல்லியே ஆக வேண்டும். அப்படியே நீதிமன்றத்துக்குச் சத்தியக் கடதாசி எழுதிவிடலாமா? நீங்கள் யோசித்துச் சொல்வதாகச் சொன்னீர்கள்.

மெத்ரோ நிலையத்தில் ஒரு கோப்பிக் கடையில் உட்கார்ந்தோம். வேலை நேரம் முடிந்திருந்தது. நான் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டியவள். ஆனாலும் சொன்னேன்.

“விறாந்தைன்னு மட்டும் சொல்லுங்களேன். அது பொய் இல்லையே.”

“பாய் கிடந்தது, டொக்டர்.”

“என்ன பாய்?”

இந்துக் குடும்பத்தில் பிறந்து எதையும் நம்பாமல் வளர்ந்த எனக்கு நீங்கள் பொறுமையாக விளக்கினீர்கள். மாதத்தின் முதல் வெள்ளிப் பூசைக்கு முந்திய மாலை பையன்கள் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நிற்பார்கள். கதிரைக்குப் பக்கத்தில் ஒரு தும்புப் பாய். முறை வந்தவன் அதில் முழங்காலிட்டு, சிலுவை அடையாளம் போட்டு, ‘சுவாமி, பாவியாயிருக்கிற என்னை ஆசீர்வதியும்’ என்று தொடங்க வேண்டும்.

“நானும் அப்பிடித்தான் துவங்கினனான். துவங்கினாப் பிறகு அது விறாந்தை இல்லை.”

“வேற எங்கேயாவது போய் சொல்லியிருக்கலாமே. அவரோட ஆபீஸ்ல?”

“ஒபிசில சொன்னால் விடுதிச் சுவாமியின்ர காதுக்குப் போயிடும். பாயில சொன்னால் போகாது. அதுதான் பாயில சொன்னனான்.”

பதினொரு வயதுப் பையன் அவ்வளவு யோசித்திருக்கிறான். சொன்ன விஷயம் எங்கும் கசியாத இடமாகப் பார்த்துச் சொல்லியிருக்கிறான். அவன் தேடிப்போன அதே காவல்தான் இப்போது உங்கள் முன்னால் பூட்டிய கதவாக நின்றது.

“கேட்டுட்டு என்ன சொன்னார்?”

“பாவத்துக்கு அபராதம் தந்தவர். மூண்டு அருள் நிறைந்த மந்திரம் சொல்லச் சொல்லி.”

“உங்களுக்கா?”

“எனக்குத்தான். பின்னை ஆருக்கு?” என்று சிரித்தீர்கள். பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு. சிரிப்பு அடங்கியதும் சொன்னீர்கள்: “அந்தக் கிழவன் பொய் சொல்லேல்லை, டொக்டர். நான் மறந்திட்டன் எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் வழக்கு முடிஞ்சுது. அவர் அப்பிடிச் சொல்லேல்லை. கதைக்க மாட்டன் எண்டுதான் சொல்லுறார். அவரே பொய் சொல்லாமல் இருக்க, நான் சொல்லுறதோ?”

எனக்கு அது பிடிவாதமாகப் பட்டது. பாதி உண்மை போதும் என்று சட்டம் வழிவிடும்போது முழுவதையும் கொண்டுபோய்க் கொட்டுவது என்ன புத்தி என்று நினைத்தேன். சத்தியக் கடதாசியில் பாயும் முழங்காலும் தொடக்க வாக்கியமும் ஏறின.

உங்கள் வழக்கறிஞர் சோர்ந்துதான் போனார். பிறகு சட்டத்தை மறுபடி வாசித்து, இரகசியத்தைச் சொன்னவரே அனுமதித்தால் கேட்டவர் பேசலாம் என்ற வரியைப் பிடித்தார். நீங்கள் அனுமதி எழுதிக் கொடுத்தீர்கள். சபையின் வழக்கறிஞர் எதிர்த்தார்: பாவசங்கீர்த்தனத்தின் முத்திரை கடவுளுடையது, உடைக்கும் உரிமை பாவிக்கும் கிடையாது.

அனுமதி கொடுத்த செய்தி எப்படியோ பங்கு மக்களிடம் போய்விட்டது. பார்க் எக்ஸ்டென்ஷனில் உங்கள் வீட்டுக்குக் கீழே இருந்த தமிழ் தெப்பனேரில், மூலைக் கடையில், ஒரு பெரியவர் உங்களை மறித்ததை நானே பார்த்தேன். பால் வாங்க நின்றோம்.

“என்ன வாத்தியார், பாவசங்கீர்த்தனத்தைக் கோட்டுக்கு இழுக்கிறியளாம்? வேதக்காரர் செய்யிற வேலையோ?”

“என்ர பாவசங்கீர்த்தனம்தானே அண்ணை. உங்கடையை இழுக்கேல்லை. பயப்பிடாதையுங்கோ.”

கடைக்காரர் சிரிப்பை அடக்கப் பெட்டிகளின் பின்னால் போனார். பெரியவர் அதற்குப் பிறகு உங்களோடு கதைக்கவில்லை. உங்கள் மனைவி பூசையில் கடைசி வரிசை வாங்கிலுக்கு மாறினார். பிள்ளைகள் இருவரும் வீட்டில் பிரெஞ்சில் கிசுகிசுத்தார்கள். “எனக்கு விளங்காதெண்டு நினைக்கினம்,” என்றீர்கள்.

அந்த ஆட்சேபத்தில் நீதிபதி முடிவு சொல்ல இலையுதிர் காலம் வந்துவிட்டது. திருச்சபையின் சட்டத்தைப் பற்றித் தான் தீர்ப்புச் சொல்லவில்லை என்றார். இந்த மாகாணத்தின் சட்டப்படி அனுமதி செல்லும். கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். தேதி ஜனவரியில் வைத்தார்கள். ஜனவரியில் உறைமழை பெய்து, மின்கம்பிகள் முறிந்து, லொங்குய் இருக்கும் தென்கரை முழுக்க இருளில் கிடந்தது. கர்க்லாண்டில் என் வீட்டிலும் மின்சாரம் இல்லை. நீங்கள் தொலைபேசியில் அழைத்து வேறொன்றும் கேட்கவில்லை. “அந்த இல்லத்தில சூடு இருக்குமோ, டொக்டர்? வயசான மனிசன். குளிர் தாங்குவாரோ?” என்றீர்கள். அது அக்கறையா அச்சமா என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. உங்களுக்கும் தெரிந்திருக்காது.

தாங்கினார். குளிர்காலம் முடிவதற்குள் மறுபடி அந்த அறையில் உட்கார்ந்தோம். நான் உறுதிமொழி எடுத்தேன்: இந்த அறையில் பேசப்படுவதை, கூட்டாமல் குறைக்காமல், இரு மொழியிலும் சொல்வேன். கிழவர் இன்னும் மெலிந்திருந்தார். மூக்கில் பிராணவாயுக் குழாய். உங்கள் வழக்கறிஞர் அதே கேள்வியை அதே சொற்களில் கேட்டார். நான் அதை உங்கள் காதில் தமிழில் சொன்னேன்.

அவர் கம்பளியை முழங்காலின்மேல் இழுத்துவிட்டார். குழாயில் காற்று இழுபடும் ஓசை கேட்டது. நீதிபதியின் உத்தரவை உங்கள் வழக்கறிஞர் நினைவூட்டினார். சபையின் வழக்கறிஞர் கிழவரின் கையைத் தொட்டு ஏதோ முணுமுணுத்தார். கிழவர் இருவரையும் விட்டுவிட்டு, மேசைக்கு மேலாக உங்களைப் பார்த்தார். பார்த்து, தமிழில் பேசினார். பல்லாண்டுகள் பிரசங்க மேடையில் பழகிய தமிழ். றகரம் மட்டும் தொண்டையில் உருண்டது.

“மகனே, நீ சொன்னதை நான் ஒருநாளும் மறக்கவில்லை. ஆனால் இவர்களுக்குச் சொல்ல மாட்டேன்.”

தமிழில் சொன்னால் அது அறைக்குள் இன்னொரு அறை என்று அவர் நினைத்திருக்க வேண்டும். அங்கே அந்தக் காலத்தில் அவரும் மற்றக் குருமாரும் பையன்களுக்குக் கேட்கக்கூடாததைப் பிரெஞ்சில் பேசிக்கொள்வார்கள் என்று நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள். இங்கே அதையே திருப்பிச் செய்தார். வெள்ளைக்காரர் யாருக்கும் விளங்காது. உங்களுக்கு மட்டும் போய்ச் சேரும். நடுவில் நான் ஒருத்தி உட்கார்ந்திருந்ததை மறந்துபோனார்.

“என்ன சொன்னார்?” என்று சபையின் வழக்கறிஞர் என்னைக் கேட்டார். கேட்ட மறுநொடியே கையை உயர்த்தினார். “வேண்டாம். மொழிபெயர்க்க வேண்டாம். சாட்சி கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. இது இரு பழைய அறிமுகக்காரர்களுக்கிடையேயான தனிப்பட்ட பேச்சு.”

“மொழிபெயர்ப்பாளர் உறுதிமொழி எடுத்திருக்கிறார்,” என்றார் உங்கள் வழக்கறிஞர். “சொல்லட்டும்.”

“ஆட்சேபிக்கிறேன்.”

“ஆட்சேபத்தைப் பதியுங்கள். அவர் சொல்லட்டும்.”

சுருக்கெழுத்தாளரின் விரல்கள் விசைகளின்மேல் நின்றன. அவர் காதில் அதுவரை விழுந்தது வெற்று ஓசை. நான் சொல்லாவிட்டால் அந்த இடத்தில் ‘சாட்சி வேற்றுமொழியில் பேசுகிறார்’ என்று மட்டும் இருக்கும். நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. மேசையின் விளிம்பை இரு கைகளாலும் பிடித்திருந்தீர்கள். பார்த்தால் ‘சொல்லுங்கள்’ என்று கேட்டுவிடுவீர்கள் என்று உங்களை நீங்களே கட்டிப்போட்டிருந்தீர்கள் என்று நினைக்கிறேன்.

பிரெஞ்சில் சொன்னேன். “மகனே, நீ சொன்னதை நான் ஒருநாளும் மறக்கவில்லை. ஆனால் இவர்களுக்குச் சொல்ல மாட்டேன்.” என் குரல் ஒன்றும் தடுமாறவில்லை. விசைகள் தட்டப்பட்டன.

தன் வாக்கியம் தன் தாய்மொழியில் திரும்பி வருவதைக் கேட்ட கிழவர் கண்களை மூடினார். சபையின் வழக்கறிஞர் அவரிடம் குனிந்து, அப்படித்தான் சொன்னீர்களா, மொழிபெயர்ப்புப் பிழையா என்று கேட்டார். தப்பிக்க அவருக்குத் திறந்துவைத்த வாசல் அது. கண்ணைத் திறக்காமலே “ஓம்” என்றார். பிரெஞ்சில் கேட்டதற்குத் தமிழில். அதையும் மொழிபெயர்த்தேன்.

இடைவேளை கேட்டீர்கள். நடைவழியின் முடிவில் பொதுத் தொலைபேசி இருந்தது. காசை என் கையில் தந்து என்னைப் போடச் சொன்னீர்கள். விலகி நிற்க முயன்றேன்; இடம் குறுகல்.

“நான்தான். கேள். நான் அப்பவே சொன்னனான். ஓம், பெரிய சுவாமி சொல்லிப்போட்டார்… இல்லையப்பா, சொல்ல மாட்டன் எண்டுதான் சொன்னவர். பேந்து விளங்கப்படுத்திறன்… அழாதை. பிள்ளையள் நிக்கினமோ? அழாதையப்பா.”

ரிசீவரைக் காதோடு அழுத்திக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். மறுமுனையில் என்ன சொல்லப்பட்டது என்று எனக்குத் தெரியாது.

பெரிய சுவாமியின் வாக்கியம் இருந்த பக்கத்தைப் பதிவிலிருந்து நீக்கச் சபை மனுப் போட்டது. நீதிபதி நீக்க மறுத்தார். பெரிய சுவாமி வசந்தத்தில் இறந்தார். நீங்கள் பூசைக்குப் போய் அவருக்காக மெழுகுதிரி கொளுத்தியதாகச் சொன்னபோது நான் கேட்டேன்: “எதுக்குங்க? உங்களை அப்படியே விட்டவர்தானே?” நீங்கள் கொஞ்சம் யோசித்தீர்கள். “விட்டவர்தான். அதுக்கு நான் மன்னிக்கேல்லை. ஆனால் ஓம் எண்டவர். அதுக்குக் கொளுத்தினனான்.” இரண்டையும் தனித்தனியே வைத்துக்கொள்ள உங்களால் முடிந்தது. எனக்கு இன்றும் அது கைவரவில்லை. அவரை நினைத்தால் அபராதம்தான் முதலில் வருகிறது.

வழக்கு நீதிபதியின் முன் வரும் நாளை நீங்கள் பார்க்கவில்லை. அடுத்த இலையுதிர் காலத்தில் உங்கள் இதயம் நின்றது, அலுவலகப் படிக்கட்டில். உங்கள் இடத்தில் உங்கள் மனைவி நின்று வழக்கை முடித்தார். எப்படி முடிந்தது என்று எழுத எனக்கு அனுமதியில்லை.

உங்கள் உடல் வைத்திருந்த மண்டபத்துக்கு நான் மாலை நேரம் வந்தேன். கடையில் உங்களை மறித்த பெரியவரும் வந்திருந்தார். மனைவியின் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்து, இரக்கத்தோடுதான் சொன்னார்: “நல்ல மனிசன், பிள்ளை. ஆனால் உதை அந்த நேரமே ஆரிட்டையும் சொல்லியிருக்கலாம்.”

உங்கள் மனைவி அழுகையை நிறுத்தி நிமிர்ந்தார்.

“சொன்னவர் அண்ணை. பதினொரு வயசில, முழங்காலில நிண்டு சொன்னவர். கேட்டவைதான் சொல்லேல்லை.”

மண்டபம் முழுக்கக் கேட்டது. பெரியவர் தலையைக் குனிந்துகொண்டார். உங்கள் மூத்த மகள் எழுந்து வந்து தாயின் தோளில் கை வைத்தாள்.

எனக்கு இப்போதும் அப்படிப்பட்ட விசாரணை அறைகளில் வேலை வருகிறது. வேறு ஊர்கள், வேறு ஆட்கள். அந்தக் கேள்வி மட்டும் தவறாமல் வரும். ஏன் அப்போதே சொல்லவில்லை? கேட்டபடியே மொழிபெயர்க்கிறேன், மாற்ற எனக்கு உரிமையில்லை. எதிரில் இருப்பவர் பேசாமல் இருப்பார். பதில் இல்லை என்று பதியுங்கள் என வழக்கறிஞர் சுருக்கெழுத்தாளர் பக்கம் திரும்புவார். அப்போது நான், “சாட்சி இன்னும் பதில் சொல்லி முடிக்கவில்லை,” என்று பிரெஞ்சில் சொல்கிறேன். அது யாருடைய வாக்கியத்துக்கும் மொழிபெயர்ப்பு இல்லை. இதுவரை எவரும் ஆட்சேபிக்கவில்லை.